ஈசோ ஆல்பன்

ஈசோ ஆல்பன் (பிறப்பு 2001) நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த இந்திய சைக்கிள் பந்தய வீரர். வெலோட்ரோம் எனப்படும் சாய்தள அரங்கில் நடக்கும் குறுந்தொலைவுப் போட்டிகள் இவருடைய துறை. 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலக டிராக் சைக்கிள் போட்டியில், கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் உலக சைக்கிள் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுதான். மறு ஆண்டு ஜெர்மனியில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்ற அணியிலும் இவர் இருந்தார். பதினெட்டு வயதில் இவர் தலைமேல் ஏற்றப்பட்ட ஒலிம்பிக் கனவு முதுநிலைப் போட்டிகளில் இதுவரை கைகூடவில்லை.

தீவும் பின்னணியும்

ஈசோவின் ஊர் கார் நிக்கோபார், நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம். சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு. மலை என்று சொல்ல எதுவும் இல்லை. முதலாம் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது இந்தத் தீவுக்கூட்டமே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். தமிழகத்துக்கும் தீவுகளுக்கும் உள்ள கடல்வழி அன்றோடு நின்றுவிடவில்லை. இன்றும் ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குப் பயணிகள் கப்பல் போகிறது. 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊர் அது. சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க மூன்று நாள் பிடிக்கும். அங்கிருந்து கார் நிக்கோபாருக்கு இன்னொரு கப்பல் ஏற வேண்டும். விமானக் கட்டணம் கட்ட முடியாத தீவுக் குடும்பங்களுக்குப் பெருநிலத்தின் வாசல் வெகுகாலம் வடசென்னைதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தியாவில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கார் நிக்கோபாரும் ஒன்று. கரையோரக் கிராமங்கள் அழிந்தன. விமானப்படைத் தளம் அடித்துச் செல்லப்பட்டது. அப்போது ஈசோவுக்கு வயது மூன்று. இவரைப் பற்றிய ஏடுகளின் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. படிப்பவர் மனத்தைத் தொடும் தொடக்கம்தான். ஆனால் ஒரு பந்தய வீரரின் காலில் உள்ள வலுவை அது விளக்காது. தீவு இளைஞர்கள் பந்தயத்துக்கு வந்ததற்கு நேரான காரணம், இந்திய விளையாட்டு ஆணையமான சாய் தீவுகளில் நடத்திய பயிற்சி மையமும், அங்கே உடல்வாகு பார்த்துச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர்களுமே. ஈசோ முதலில் பழகியது துடுப்புப் படகு. பிறகுதான் சைக்கிளுக்கு மாற்றப்பட்டார்.

இவருக்கு முன்பே அந்தப் பாதையைத் திறந்தவர் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்ட். 1995இல் பிறந்த அவர், சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். 2015 இறுதியில் 500 மீட்டர் நேரப் போட்டியின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தார். ரியோ ஒலிம்பிக்கில் அவரைக் காணலாம் என்று நாடே பேசியது. அவர் தகுதி பெறவில்லை. ஈசோவின் கதையில் பின்னர் நிகழ்ந்த ஏற்ற இறக்கம் அனைத்தும் அவர் வாழ்க்கையில் ஒருமுறை நடந்து முடிந்தவையே. அதிலிருந்து இந்திய சைக்கிள் சங்கம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

போட்டி வகைகள்

டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தோடு பல்சக்கரம் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடும்வரை கால் சுழன்றே ஆக வேண்டும். தளத்தின் நீளம் அரங்குக்கு அரங்கு மாறும். டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தளம் 250 மீட்டர். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் ஏகிளில் 200 மீட்டர். பிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் நகர அரங்கில் 285 மீட்டருக்குச் சற்று மேல். தளம் குறுகக் குறுக வளைவு செங்குத்தாகும், முந்திச் செல்ல இடம் சுருங்கும். டெல்லித் தளத்தில் பழகிய பையன் ஏகிளில் பதக்கம் வென்றது அந்த வகையில் சிறிய காரியமல்ல.

குறுந்தொலைவுப் பிரிவில் மூன்று போட்டிகள் முக்கியமானவை. தனிநபர் ஸ்பிரின்டில் முதலில் 200 மீட்டர் ஓட்ட நேரம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு இருவர் இருவராக மோதுவார்கள். டீம் ஸ்பிரின்ட் மூவர் அணிக்குரியது. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்று முடிவிலும் முன்னே இழுத்துச் சென்றவர் விலகிவிட, மூன்றாமவர் கோட்டைத் தொடும் நேரமே அணியின் நேரம். கெய்ரின் ஜப்பானில் பிறந்தது. போருக்குப் பின் உள்ளாட்சிகளுக்கு வருவாய் தேட, 1948இல் கோகுரா நகரில் சூதாட்டப் பந்தயமாகத் தொடங்கியது; 1980இல் உலகப் போட்டியிலும் 2000 சிட்னியில் ஒலிம்பிக்கிலும் சேர்க்கப்பட்டது. ஆறேழு வீரர்கள் ஒரு சிறு மோட்டார் வண்டியின் பின்னால் வரிசையாகப் போவார்கள். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 50 வரை வேகத்தைக் கூட்டிவிட்டு, முடிவுக்கு 750 மீட்டர் இருக்கும்போது தளத்தைவிட்டு இறங்கிவிடும். அதன்பின் நடப்பது முட்டிமோதல்: யார் சக்கரத்தைப் பிடிப்பது, எப்போது வெளியே வருவது என்ற கணக்கு. கால்வலு மட்டும் போதாது. ஈசோவின் பெயர் இதில்தான் எழுந்தது.

பெயர் பெற்ற இரண்டு ஆண்டுகள்

2018 ஆகஸ்டில் ஏகிள் இறுதிப் போட்டியில் செக் நாட்டின் யாகூப் ஷ்தாஸ்ட்னி ஈசோவை 0.017 வினாடியில் வென்றார். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ ஓரடி தூரம். கசகஸ்தானின் அந்திரேய் சுகாய் வெண்கலம் பெற்றார்.

2019 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், பிராங்க்பர்ட் அன் டெர் ஓடரில் இந்திய அணி டீம் ஸ்பிரின்ட் இறுதியில் ஆஸ்திரேலியாவை வென்றது. மாற்று வீரரையும் சேர்த்து, ஈசோவுடன் மணிப்பூரைச் சேர்ந்த எல். ரொனால்டோ சிங், ரோஜித் சிங், ஜேம்ஸ் சிங் ஆகியோர் அணியில் இருந்தனர். அதே போட்டியில் ஈசோ தனிநபர் பிரிவிலும் மேடை ஏறினார். அவ்வாண்டு செப்டம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையிலும் தங்கம் குவிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. இந்தியச் சங்கம் அதை மறுக்கவில்லை; மறுத்திருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பின் கணக்கு

தங்கம் வென்ற அணியின் நேரம் 44 வினாடிக்கும் 45க்கும் இடைப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அணி உலக சாதனையாக ஓடிய நேரம் 40.949. ஒரு சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி. டீம் ஸ்பிரின்டில் ஒலிம்பிக்குக்கு எட்டு நாடுகள்தான் தகுதி பெறும். பதினெட்டு வயதில் உலகை வெல்வதற்கும் இருபத்தைந்து வயதில் அந்த எட்டுக்குள் வருவதற்கும் நடுவே ஏழாண்டு உழைப்பு வேண்டும். பிரிட்டனின் கிறிஸ் ஹோய் லண்டன் ஒலிம்பிக் கெய்ரினில் தங்கம் வென்றது 36 வயதில். டோக்கியோவில் அதே நாட்டின் ஜேசன் கென்னி வென்றபோது வயது 33. இத்துறையில் உடல் முழுமை பெறுவது இருபதுகளின் பிற்பகுதியில்தான்.

சாலைப் பந்தய உலகப் போட்டியில் 23 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பிரிவு உண்டு. டிராக் உலகப் போட்டியில் அது இல்லை. இளையோர் வயது தாண்டியவர் மறுநாளே நெதர்லாந்தின் ஒலிம்பிக் சாம்பியன் ஹாரி லாவ்ரெய்சன் போன்றவர்களோடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஈசோ அந்தப் படியைத் தாண்டிய ஆண்டு 2020. கொரோனா காரணமாக உலகெங்கும் போட்டிகள் நின்றன. ஐரோப்பிய வீரருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் அரங்கும் எதிராளியும் இருந்தனர். இந்தியருக்கு வெளிநாட்டுப் பயணம்தான் போட்டி. டோக்கியோவுக்கு இந்திய அணி தகுதி பெறவில்லை. 2022இல் ஸ்லோவேனியப் பயிற்சிப் பயணத்தில் பயிற்சியாளர் மீது வீராங்கனை ஒருவர் புகார் கொடுக்க, சாய் அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை முடித்தது. பயிற்சியே நடுவில் ஆளின்றி நின்ற காலம் அது.

ஈசோவின் ஆர்வம் குறைந்ததே காரணம் என்று கருதுவோர் உண்டு. அதை ஏற்பதற்கில்லை; ஏனெனில் அதே முகாமில் பயின்ற எவரும் முதுநிலை உலகப் போட்டியில் பதக்கத்தை நெருங்கவில்லை. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஈசோவைப் போலவே ஆசிய வீரர், உயரமும் குறைவு. அவரை மெல்போர்னில் ஒரே பயிற்சியாளரிடம் ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்தது அவர் நாடு. ரியோவில் வெண்கலம் வந்தபோது அவருக்கு வயது 28, மறு ஆண்டு கெய்ரின் உலகச் சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. இடையில் பதக்கமில்லாத ஆண்டுகளில் யாரும் அவரைக் கைவிடவில்லை.

இந்தியாவில் டிராக் ஓட்டத்தை நம்பிச் சம்பளம் தரும் தொழில்முறை அணி எதுவும் இல்லை. ரயில்வே, ராணுவம் போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையே பிழைப்பு. வேலை கிடைத்த பிறகு தேசியப் பதக்கம் போதும் என்ற எண்ணம் வருவது இயல்பு. அதை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது நியாயமல்ல.

தமிழகத்தின் நிலை

தீவுக் குடும்பங்களுக்கு வாசலாக இருந்த சென்னைக்குச் சைக்கிள் செய்வதில் நீண்ட மரபுண்டு. 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் இயங்கியது. ஓட்டுவதற்கு இடம்தான் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்க, திருவொற்றியூர்ப் பையன் ஒருவன் அதில் வேகப் பயிற்சி எடுப்பது உயிரோடு விளையாடுவது. மாநிலத்தின் வெலோட்ரோம் மேலக்கோட்டையூரில், உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் சைக்கிள் பந்தயம் அங்கு நடந்தது. வடசென்னையிலிருந்து அங்கே போக நகரத்தை முழுக்கக் கடக்க வேண்டும். குத்துச்சண்டையும் கேரமும் தெருவுக்குத் தெரு வளர்ந்த பகுதியில் டிராக் சைக்கிள் வேர் பிடிக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிற்காலம்

2022 காமன்வெல்த் விளையாட்டில் ஈசோ கெய்ரின் இறுதிக்குச் செல்லவில்லை. அதே ஆண்டு டெல்லி ஆசியப் போட்டியில் தனிநபர் ஸ்பிரின்டில் வெள்ளி வென்ற ரொனால்டோ சிங் இந்தியாவின் முதன்மை வீரரானார். கார் நிக்கோபாரிலிருந்து டேவிட் பெக்காம் எல்காடோசூங்கோவும் தேசிய அணிக்கு வந்தார். ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் இந்தியர் கடைசியாகக் கலந்துகொண்டது 1964 டோக்கியோவில். அதன்பின் 2024 பாரிஸ் வரை எவரும் தகுதி பெறவில்லை.