வெள்ளைச் சுவரும் கரிந்த நினைவும்

ஒரு கட்டடம் எழும்பும் நாளில் அதற்குக் கிடைக்கும் தீர்ப்பும், அது நின்று நிலைத்தபின் கிடைக்கும் தீர்ப்பும் ஒன்றாயிருப்பது அரிது. இதற்கு உலகறிந்த சான்று பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரம். 1887ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், அக்கோபுரத்தின் அடித்தள வேலை தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், எழுத்தாளர் மாப்பசான், இசை வல்லுநர் கூனோ, ஒப்பெரா மாளிகையைக் கட்டிய கார்னியே முதலானோர் கையொப்பமிட்ட கண்டனக் கடிதம் ஒன்று பத்திரிகையில் வெளிவந்தது. இந்த இரும்புக் கோபுரம் நகரத்தின் அழகைக் கெடுத்துவிடும் என்பது அவர்களது முறையீடு. 1889இல் திறக்கப்பட்ட கோபுரத்துக்கு 20 ஆண்டுத் தவணையே தரப்பட்டிருந்தது. தவணை முடியும் காலத்தில் அதனைக் காத்தது அழகுணர்ச்சியன்று; கம்பியில்லாத் தந்தியே. செய்தியலைகளை அனுப்பவும் ஏற்கவும் அத்துணை உயர்ந்த இடம் வேறு கிடைக்கவில்லை. பயன் காத்துக் கொடுத்தது; பழக்கம் அன்பாக்கிற்று.

பாரிசில் எழுந்த வழக்கு அழகைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் எழுந்த வழக்கோ நினைவைப் பற்றியது. ஆதலால் அது அதனினும் ஆழமானது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றம் மிக எளியது. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு குழுவொன்று அமைந்து, ஓர் அறையிலே ஏறக்குறைய ஆயிரம் நூல்களும் பத்திரிகைகளும் வைக்கப்பட்டன. அவ்விதை வளர்ந்தபோது நிலையான மனையொன்று வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்தது. மக்கள் பொருள் திரட்டினர். வண. பிதா லோங் அடிகளார் அப்பணிக்குப் பெருந்துணையாய் நின்றார். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் ஆலோசனை வழங்க, கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட மரபைத் தழுவிய வரைபடத்தை அமைத்தார். கோட்டைக்கு அண்மையில், வெண்ணிறச் சுவரும் குவிந்த மாடமும் கொண்டு எழுந்த அம்மனை 1959ஆம் ஆண்டில் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவால் திறந்துவைக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதியும் 1971இல் கேட்போர் கூடமும் சேர்ந்தன.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. மறு ஆண்டே மக்கள் மீண்டும் ஆயிரக்கணக்கில் நூல் சேர்த்தனர். 1984இல் மனை புதுப்பிக்கப்பெற்றது. ஆயினும் கோட்டையை அடுத்திருந்தமையால் போர் அதனை விடவில்லை. 1985இல் அது மீண்டும் குண்டுகளால் சிதைந்தது. அதன்பின் நெடுங்காலம் கரிபடிந்த சுவர்களோடும் குண்டு துளைத்த தூண்களோடும் பாழ்மனையாய் நின்றது.

இப்பாழ்மனையை என் செய்வது? இங்கேதான் வழக்குப் பிறந்தது. 1998ஆம் ஆண்டில் அரசு அதனை மீண்டும் கட்ட முனைந்தது. ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லும் தருக என்னும் வேண்டுகோள் நாடெங்கும் விடுக்கப்பட்டது. பலர் மகிழ்ந்தனர்; பலர் மறுத்தனர். எரிந்தது எரிந்தபடியே நிற்கட்டும், வருந்தலைமுறைக்கு அதுவே சாட்சி சொல்லட்டும் என்றனர் மறுத்தோர். அவர் கூற்று வெறும் பிடிவாதமன்று. அணுகுண்டால் சிதைந்த மாட மண்டபத்தை இடிக்காது காப்பதென்று ஹிரோசிமா நகர சபை 1966இல் தீர்மானித்ததை உலகம் பாராட்டவில்லையா? புதுச் சுண்ணாம்பு பூசினால் பழியும் மறைந்துவிடும் என்பதே அவர்களது அச்சம்.

மனை பழைய தோற்றத்திலேயே 2001ஆம் ஆண்டளவில் நிறைவெய்திற்று. 2003 பெப்ரவரியில் திறப்பதென நாள் குறித்தபோது விடுதலைப் புலிகள் அதனை எதிர்த்தனர். திறப்பை ஒத்திவைக்குமாறு எழுந்த அழுத்தத்தைக் கண்டித்து, முதல்வர் செல்லன் கந்தையனும் மாநகர சபை உறுப்பினருமாக 23 பேரும் பதவி துறக்க முன்வந்தனர். இத்துணைக் கசப்புக்கிடையே அதன் கதவுகள் பின்னர் வாசகருக்குத் திறந்தன.

அதன்பின் நிகழ்ந்தது எந்தத் தீர்மானத்தாலும் நிகழ்ந்ததன்று. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் வந்தனர். காலைப் பத்திரிகை பார்க்கும் முதியோர் வந்தனர். தாயின் கைப்பிடித்துச் சிறுவர் வந்தனர். அயலூரிலிருந்து வருவோர் வாயிலிற் கலைமகள் சிலைமுன் நின்று படமெடுத்துச் சென்றனர். எரியுண்ட மனையைக் கண்டறியாத ஒரு தலைமுறைக்கு அவ்வெண்மாடமே யாழ்ப்பாணத்தின் முகமாயிற்று.

அங்ஙனமாயின் மறுத்தோரின் அச்சம் வீணோ? முற்றும் வீணென்று கூறலாகாது. சாம்பலான ஏடுகள் மீளவில்லை. அவ்விழப்புக்குச் சுண்ணாம்பு மருந்தன்று. ஆனால் பழி மறைந்துவிடவும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூல் முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடிப் பேணலாயிற்று. 2008இல் ‘எரியும் நினைவுகள்’ என்னும் ஆவணப்படம் அவ்விரவை மீளச் சொல்லிற்று. மே மாத முடிவில் அம்மனையின் முன்னே விளக்கேற்றுவோரும் உளர். சுவர் பேசாது விட்டதை மனிதர் பேசினர்.

கட்டடங்களை வெறுத்தோர் எல்லாம் அறியாதோர் அல்லர். பாரிசின் கலைஞர் தம் நகரத்தை நேசித்தமையாலேயே கோபுரத்தை வெறுத்தனர். யாழ்ப்பாணத்தவரும் தம் நூலகத்தை நேசித்தமையாலேயே அதன் புதுவண்ணத்தைக் கண்டு மனங்கசந்தனர். அவ்வெறுப்பின் வேர் அன்பாயிருந்தமையாற்றான் காலம் அதனை மீண்டும் அன்பாக்க முடிந்தது. அதற்குக் காலம் கையாண்ட கருவி பேருரையன்று. நாள்தோறும் திறந்து கிடந்த ஒரு வாயிலும், அதனுள்ளே விரித்து வைத்த ஒரு புத்தகமுமே.