பங்குச் சந்தையின் வேர்கள்

கொழும்புப் பங்குச் சந்தையைப் பற்றி எழுதுவோர் அநேகமாக 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். என்னைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். சந்தையின் வேர் மலையகத்தில் இருக்கின்றது.

1869இல் இலங்கையில் தென்பட்ட இலை நோய், கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சிறிது சிறிதாக அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. காடழித்து, கன்று நட்டு, தொழிற்சாலையும் கட்டுவதற்குத் தனியொரு துரையின் கைமுதல் போதவில்லை. தோட்டங்கள் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாயின. அவற்றின் பங்குகள் கைமாறத் தொடங்கின. 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் உருவானதன் பின்னணி இதுவே. 1904இல் அது கொழும்புத் தரகர் சங்கம் எனப் பெயர் மாறியது. அந்நாளில் இலாபப் பங்கு பெற்றவர்களுள் பெரும்பாலானோர் பிரித்தானியர். கொழுந்து பறித்தவர்களோ தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது சந்தையின் அடித்தளமே கழன்று விட்டது. மீண்டும் அது உயிர்பெற்றது 1985இல், தரகர்கள் ஒன்றுசேர்ந்து முறையான பரிவர்த்தனை நிலையமொன்றை நிறுவிய பின்னரே. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அவ்வாண்டையே 100 எனக் கொண்டு கணிக்கப்படுகின்றது. வெளிநாட்டவரின் பங்குக் கொள்வனவு மீதான வரி 1990இல் நீக்கப்பட்டது. 1991இல் மத்திய வைப்புத்திட்டம் வந்து, பங்குப் பத்திரத்தை அலுமாரியில் பூட்டி வைக்கும் வழக்கத்தை மெல்ல ஒழித்தது. 1997இல் கணினித் திரைகள் வந்தன. தரகர்கள் கூவி விலை பேசும் காலம் முடிந்தது.

பத்திரிகையின் வியாபாரப் பக்கத்தை முதலில் புரட்டும் புதிய வாசகர் கூட்டமொன்று உருவாகியதும் இக்காலத்திலேதான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், வங்கி ஊழியர்கள் எனப் பலர். தொலைபேசியில் அழைத்து, "எந்தப் பங்கு ஏறும், ஐயா?" என்பார்கள். அது தெரிந்திருந்தால் நான் ஏன் பத்திரிகைக் காரியாலயத்தில் இருக்கிறேன் என்று திருப்பிக் கேட்பேன்.

இதே தசாப்தத்தில் இன்னொன்றும் நடந்தது. 1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அக்கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. சந்தை தோன்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், அதை உழைத்து உருவாக்கிய பரம்பரையின் கையில் முதன்முறையாகப் பங்கு கிடைத்தது. தலைக்கு விழுந்தது சிறு தொகைதான். நாட்சம்பளத்தில் சீவிப்பவருக்கு, கையிலிருக்கும் பங்கைவிடக் கையில் வரும் காசு பெரிது. அதை அறியாமை என்று ஏளனம் செய்தவர்களோடு எனக்கு என்றும் உடன்பாடில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அவ்வருடத்தில் மாத்திரம் சுட்டெண் இருமடங்குக்கு மேலாகியது. 2010இலும் ஏறத்தாழ இருமடங்கானது. 2011 பெப்ரவரியில் 7,800 என்ற மட்டத்தைத் தொட்டது. பலர் தரகர்களிடம் கடன்பட்டு வாங்கினார்கள். வருமானமே இல்லாத சில சிறு கம்பனிகளின் பங்குகள்கூட விண்ணைத் தொட்டன. சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு அக்கடனை மட்டுப்படுத்த முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆணைக்குழுவின் தலைவி இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஓகஸ்டில் விலகினார். முறைகேடுகளை விசாரிக்க முற்பட்டவர்கள் ஒன்பது மாதங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக வெளியேற நேர்ந்தது, தற்செயல் என்று நான் நம்பவில்லை.

2012இன் நடுப்பகுதியில் சுட்டெண் 5,000க்குக் கீழே இறங்கியிருந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் பங்குகளை, வந்த விலைக்குத் தரகர்கள் விற்றுக் கொண்டிருந்தனர்.