கடலில் காலை வாரும் பேட்டரி

பட்டுச் சேலைக்கும் கோயிலுக்கும் பேர் போன காஞ்சிபுரத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு! பல்லவர் தலைநகரான காஞ்சிக்குத் துறைமுகமாக இருந்தது மாமல்லபுரம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளம், மாமல்லபுரம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டக் கடற்கரைதான்.

அந்தக் கரையில் கட்டுமரம் போய் எஞ்சின் வந்தது. எஞ்சினோடு ஒரு புதுத் தலைவலியும் வந்தது. நடுக்கடலில் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது?

இந்தத் தலைவலியின் வரலாறு பழையது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். 1859-ல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய-அமில பேட்டரியை உருவாக்கினார். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுற்றும் வேலை போனது. ஆனால் அன்று முதல் பேட்டரி இல்லாமல் எஞ்சின் கிளம்பாது என்ற நிலையும் வந்தது.

பேட்டரியை வங்கிக் கணக்கு போல நினைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டரும் விளக்கும் வயர்லெஸ்ஸும் எடுக்கும் செலவு. எஞ்சின் ஓடும்போது திரும்பப் போடும் வரவு டைனமோவுடையது. டைனமோவில் ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடினால் வரவு மிகக் குறைவு. சிலிக்கான் டையோடு மலிவான பிறகு இதற்கு விடை கிடைத்தது. 1960 மாடல் வேலியண்ட் காரில் கிரைஸ்லர் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மெதுவான ஓட்டத்திலும் அது மின்சாரம் தரும். நம்மூரிலும் 1961-ல் உருவான லூக்காஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் வாகன மின்கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

அதே காலத்தில்தான் எஞ்சின் படகுக்குள்ளும் புரொப்பெல்லர் வெளியிலுமாக அமைந்த படகுகள் பிரபலமாயின. 1959-ல் வால்வோ பெண்டாவின் அக்வாமாட்டிக்கும், 1961-ல் மெர்க்ரூசரும் வந்தன. கார் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியவைதான் இவற்றில் பல. கார் எஞ்சின் வந்தபோது அதன் மின் கோளாறுகளும் கூடவே வந்தன. உப்புக் காற்று அவற்றைப் பெருக்கியது.

அதனால்தான் பழைய படகில் சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது வீண் செலவு. முதலில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் வரவு இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரி வெந்துவிடும்.

வரவு இல்லை என்றால் பெல்ட் தொய்ந்திருக்கிறதா, பேட்டரி முனையில் களிம்பு பூத்திருக்கிறதா, எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கலாம். அடுத்தது, எஞ்சினையும் டாஷ்போர்டையும் இணைக்கும் பெரிய பிளக். அதற்குள் பித்தளை முனைகள் அரித்துப்போவது பழைய படகுகளில் சகஜம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது, டையோடு எரிந்துவிடும். பெட்ரோல் படகில் கார் ஆல்டர்னேட்டரை மாட்டவே கூடாது. அடித்தளத்தில் தேங்கும் பெட்ரோல் ஆவியை அதன் தீப்பொறி பற்றவைத்துவிடும். படகுக்கென்று செய்த ஆல்டர்னேட்டரில் பொறி வெளியேறாத தடுப்பு உண்டு.

சாலையில் பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். கடலில் தள்ள யார் இருக்கிறார்கள்? வயர்லெஸ்ஸும் விளக்கும் சேர்ந்தே அணையும். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்கு அருகே எஞ்சின் நின்றால் காற்றும் நீரோட்டமும் எல்லையைப் பார்ப்பதில்லை. தாண்டினால் சிறைவாசம்தான்!

கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய எஞ்சின்களை நம் மீனவர்கள் இன்றும் நம்புவதைப் பழமை என்று சிரிக்கத் தேவையில்லை. அதில் இறங்கிப்போக பேட்டரியே இல்லை. பேட்டரியை நம்பிப் போகிறவர்களோ, கரையை விட்டுக் கிளம்பும் முன் வரவு செலவைச் சரிபார்த்துவிட்டுப் போவதே நல்லது.