பிரின்ஸ்டனில் விழுந்த எடை: ரிலேயின் தோற்றம் குறித்து ஒரு மறுபரிசீலனை

ரிலேயின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வில்லியம் பி. டெய்லர் வகுத்த பாதையிலேயே நடக்கின்றனர். ஜோசப் ஹென்றி காலமான 1878-ஆம் ஆண்டுக்குரிய ஸ்மித்ஸோனியன் ஸ்தாபன அறிக்கையில் டெய்லர் எழுதிய நீண்ட வரலாறு, தந்தி விஷயத்தில் ஹென்றிக்குத் தாம் ஏதும் கடன்பட்டதில்லை என்று 1855-இல் மோர்ஸ் வெளியிட்ட மறுப்புக்குத் தக்க பதிலாக அமைந்தது. அதன் சிரத்தை போற்றத்தக்கது. எனினும், பிரின்ஸ்டன் கல்லூரியில் ஹென்றி மாணவர்க்குக் காட்டிய அமைப்பையும், தந்தி நிலையங்களில் பின்னர் இடம்பெற்ற ரிலேயையும் ஒரே வம்சாவளியில் அடக்கும் அவருடைய வாசிப்பு எனக்கு உடன்பாடன்று.

1831-இல் ஹென்றி நிரூபித்த உண்மை பிரசித்தமானது. பல ஜோடித் தகடுகள் கொண்ட மின்கல அடுக்கை, ஒரே நீண்ட கம்பியைப் பல சுற்றாகச் சுற்றிய மின்காந்தத்தோடு இணைத்தால், இடையே ஆயிரம் அடிக்கு மேற்பட்ட கம்பி இருப்பினும் காந்தம் வேலை செய்கிறது. மிகுந்த பளுவைத் தூக்கவேண்டுமானால், பக்கத்திலேயே ஒரு பெரிய மின்கலமும் இணையாகச் சேர்த்த பல குறுஞ்சுருள்களும் வேண்டும். முன்னதற்கு எட்டும் தூரம் அதிகம். பின்னதற்குப் பலம் அதிகம்.

இவ்விரண்டையும் அவர் எவ்வாறு ஒன்றுசேர்த்தார் என்பதற்கு, தந்தி வழக்குகளின்போது 1849-இல் அவர் அளித்த சாட்சியமே நமக்கு முக்கிய ஆதாரம். 1837-இல் லண்டனில் வீட்ஸ்டனைச் சந்தித்தபோது, தொலைவிலிருந்து வரும் மின்னோட்டத்தால் ஓர் ஊசியைத் திருப்பி, அது தாங்கிய குறுக்குக் கம்பியால் இரண்டாவது மின்கலத்தின் சுற்றை மூடும் யுக்தியை அவர் காட்டினார் என்றும், அதைக் கண்ட ஹென்றி தம்மிடமும் ஏறக்குறைய அதே பலனைத் தரும் வேறொரு முறை இருப்பதாகச் சொன்னார் என்றும் அதிலிருந்து அறிகிறோம். அம்முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பல நூறு பவுண்டு எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது பெரிய காந்தம், நீண்ட கம்பிச் சுற்றில் சேர்ந்த சிறிய காந்தம், அசையக்கூடிய ஒரு சிறு கம்பித் துண்டை மேல்நோக்கி இழுக்கிறது, பெரிய மின்கலத்தின் சுற்று அறுபடுகிறது, எடை விழுகிறது. நூறு மைலுக்கு அப்பாலுள்ள தேவாலய மணியையும் இவ்வாறு அடிக்கலாம் என்பது அவர் கண்ட பலன்.

வீட்ஸ்டன் சுற்றை மூடுகிறார்; ஹென்றி சுற்றைத் திறக்கிறார். டெய்லரின் வாசிப்பில் இவ்வேற்றுமைக்குரிய கனம் இல்லை. தொலைவிலிருந்து வந்த அற்ப சக்தி ஒரு தொடர்பை அசைப்பதோடு நிற்க, அருகிலுள்ள மின்கலம் பெரிய காரியத்தைச் செய்கிறது என்னும் தத்துவம் இரண்டிலும் பொது. அதில் ஹென்றியின் உரிமையை நான் குறைக்கவில்லை. ஆயினும், விழுந்த எடையைத் தூக்கி மறுபடி காந்தத்தில் மாட்ட ஓர் ஆள் வேண்டும்; ஆதலால் அடுத்தடுத்து வரும் குறிகளை அது அப்படியே மேலே அனுப்ப வல்லதன்று. எட்வர்ட் டேவி 1838-இல் காப்புரிமை பெற்ற மின்னோட்டப் புதுப்பிப்பு முறையிலும், மோர்ஸின் தொடர் சுற்றுகளிலுமோ, ஒரு சுற்றின் அசைவு அடுத்த சுற்றில் புதிய மின்னோட்டமாகவே பிறக்கிறது.

ஹென்றி நினைத்திருந்தால் அதே கம்பித் துண்டைக்கொண்டு சுற்றை மூடியும் இருக்கலாமே என்று ஆட்சேபிக்கலாம். இருக்கலாம், ஆனால் செய்யக்கூடியதைச் செய்ததாகக் கொள்வது சரித்திரமாகாது. காலமும் உறுதியாகவில்லை. 1835 என்று பலர் எழுதுகின்றனர். அவர் பிரின்ஸ்டனில் சேர்ந்த 1832-க்கும் ஐரோப்பா புறப்பட்ட 1837-இன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் என்பதற்கு மேல், பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்ட ஒரு சாட்சியத்தைக்கொண்டு வரையறுப்பது துணிவு என்றே கருதுகிறேன்.

பிரின்ஸ்டன் அமைப்பின் உண்மையான உறவைத் தந்தியைவிட ரயில்வே சைகைகளில் தேடுவது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வில்லியம் ராபின்ஸன் 1872-இல் காப்புரிமை பெற்ற தண்டவாளச் சுற்றில், தண்டவாளங்களின் வழியே சதா ஓடும் மின்னோட்டம் ரிலேயின் இரும்பு நாவைப் பிடித்து வைத்திருக்கிறது. ரயிலின் சக்கரங்களும் அச்சும் அம்மின்னோட்டத்தைக் குறுக்கே வேறு வழியாகத் திருப்பியவுடன், அல்லது தண்டவாளம் முறிந்தாலும் மின்கலம் தீர்ந்தாலும், நா விழுந்து சைகை அபாயத்தைக் காட்டுகிறது. ராபின்ஸன் ஹென்றியைப் பின்பற்றினார் என்று நான் வாதிக்கவில்லை. மின்னோட்டம் நின்றதும் எஞ்சிய காரியத்தைப் புவியீர்ப்பிடம் ஒப்படைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே என்பதும், மோர்ஸின் தந்தி ரிலேயில் அதற்கு அந்த இடம் இல்லை என்பதும்தான் என் வாதம்.