உறைநிலையில் காத்திருந்த கரு

ஆடிக் கிருத்திகை நாட்களில் ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி செல்லும் பேருந்தில் இடம் கிடைப்பது அரிது. காவடி எடுப்போருக்கு நடுவே, பிள்ளை வரம் வேண்டி மலையேறும் இளம் தம்பதியரையும் காணலாம். அவர்கள் வணங்கச் செல்லும் முருகனின் பிறப்பே கைமாறிய கருவொன்றின் கதைதான். நெற்றிப்பொறியை அக்கினி ஏந்த, கங்கை தாங்க, சரவணப் பொய்கை வளர்த்தெடுக்கிறது. பாகவதத்தில் தேவகியின் கரு ரோகிணிக்கு மாறிப் பலராமன் பிறக்கிறான். சமணரின் கல்பசூத்திரத்திலும் மகாவீரரின் கரு தேவானந்தையிடமிருந்து திரிசலைக்குச் செல்கிறது. இவற்றைக் காட்டி அன்றே அறிவியல் இருந்ததெனச் சாதிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. இடையில் கரு எவ்வாறு பிழைத்தது என்று கதையில் எவரும் கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதுவே முதற்கேள்வி.

அக்கேள்விக்கு முதலில் விடை கண்டவர் வால்டர் ஹீப். 1890ஆம் ஆண்டு அங்கோரா முயலின் இரு கருக்களை எடுத்து, பெல்ஜிய இன முயலுக்குள் அவர் வைத்தார். அது ஈன்ற ஆறு குட்டிகளுள் இரண்டு, ஐயத்திற்கிடமின்றி அங்கோராக் குட்டிகள். மனிதரில் இது கைகூட 88 ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ், ஜீன் பர்டி ஆகிய மூவரின் முயற்சியால் 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

கருவைக் கருப்பையில் வைக்கும் செயல் பார்வைக்கு எளியது. மெல்லிய குழாயொன்றில் துளி நீர்மத்துடன் கருவை உறிஞ்சி, கருப்பை வாய் வழியே உட்செலுத்திவிட்டுக் குழாயை எடுத்துவிடுவர். கடினம் முழுவதும் காலக்கணக்கில் இருக்கிறது. மாதச் சுழற்சியில் சில நாட்கள் மட்டுமே கருப்பையின் உட்படலம் கருவை ஏற்கும். பல முட்டைகள் பெறவேண்டி ஹார்மோன் ஊசி போட்டாலோ, அந்த ஊசியே உட்படலத்தின் இயல்பான ஒழுங்கைக் குலைத்துவிடக்கூடும். முட்டைக்கு உதவுவது கருப்பைக்கு இடையூறாகிறது. ஓல்டாம் குழுவினர் ஹார்மோன் ஊசியைக் கைவிட்டு, இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையைக் கொண்டே வென்றனர்.

லூயிஸ் பிறந்த எழுபதாம் நாள், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்ற பெயரில் உலகறிந்த அக்குழந்தைக்குக் காரணமானவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். உறைநிலை ஆய்வில் சுனித் முகர்ஜியும் மகப்பேறு மருத்துவத்தில் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணைநின்றனர். சுபாஷ் தேர்ந்த வழி வேறு. ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளைப் பெற்றார். லேப்ராஸ்கோப் இன்றி, பெண்ணுறுப்பின் வழியாகவே அவற்றை எடுத்தார். உருவான கருக்களை டைமீத்தைல் சல்பாக்சைடு என்னும் காப்புப்பொருளில் இட்டு 53 நாட்கள் உறையவைத்தார். பின்னர் உருக்கி, ஊசியின் தாக்கம் நீங்கிய வேறொரு சுழற்சியில் தாயின் கருப்பையில் சேர்த்தார். கருவைக் காக்கவைத்துக் கருப்பைக்கு ஓய்வளித்தார் என்று சொல்லலாம். மெல்பர்னில் உறைகருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்ததோ 1984இல்தான். எல்லாக் கருக்களையும் உறையவைத்துப் பிந்தைய சுழற்சியில் மாற்றுவது இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது.

ஆனால் அன்று எவரும் நம்பவில்லை. மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் அமைத்த விசாரணைக் குழு அவர் கூற்றைப் பொய்யென்றது. குழுவினர் இத்துறையில் பழக்கமுடையோர் அல்லர். சுபாஷின் பக்கத்திலும் ஒரு குறை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியக் குளிரியல் இதழொன்றில் வந்த சுருக்கமான குறிப்பைத் தவிர விரிவான கட்டுரை எதையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை. குழந்தையின் பெற்றோரும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வெளியே வரவில்லை. ஆயினும் விளக்கமளிக்கும் வாய்ப்பை மறுத்தவர்கள் பிறர். 1979இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்த அழைப்பை ஏற்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றினர். கருவியல் ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை? அவ்வாண்டு ஜூன் 19 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அதுவே என்று பதிவாயிற்று. அந்த வெற்றியில் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுடன் பங்குகொண்ட அறிவியலாளர் டி.சி.ஆனந்தகுமார். 1990இல் சென்னையில் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தபோதும் சுபாஷின் பெயரை நினைத்தவர் அரிது. வங்க எழுத்தாளர் ரமாபத சௌதுரி மட்டும் 'அபிமன்யு' என்னும் நாவலில் அவரை நினைத்திருந்தார். அதைத் தபன் சின்ஹா 'ஏக் டாக்டர் கி மௌத்' என்று படமாக்கினார். படத்தின் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பூசி. கரு அங்கே இல்லை.

1997இல் கொல்கத்தா சென்ற ஆனந்தகுமாரிடம் சுபாஷின் ஆய்வுக் குறிப்புகள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் படித்து, துர்காவின் பெற்றோரிடமும் பேசியபின், இந்தியாவில் முதல்வர் சுபாஷே என்று அவர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். 'முதல்' என்னும் சொல் அதுவரை அவருடைய சொந்தச் சாதனையின் மீதுதான் இருந்தது.