விசைப்பலகையும் எழுதுவோன் சுதந்திரமும்

வியூக விளையாட்டின் திரையமைப்பை ஆக்கியோன் வகுத்தபடியே விடுவதா, ஆடுவோன் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடங்கொடுப்பதா என்று இக்காலத்தார் நிகழ்த்தும் விவாதத்தை, கோலாலம்பூர்த் தமிழர் விசைப்பலகை விஷயத்தில் முன்னரே கண்டுவிட்டனர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழிவந்த முரசு அஞ்சலை, தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களும், ரோமன் எழுத்துகளின் ஒலியைக்கொண்டே தமிழெழுத விரும்பியவர்களும் ஒருங்கே நாடினர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி, உயிர்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகிர்ந்தளித்து, இரட்டிக்கும் மெய்க்குத் தானே புள்ளியிடும் தமிழ்99 அமைப்பைத் தமிழக அரசு அங்கீகரித்தது. விரல்களின் சிரமத்தைக் குறைக்கும் சாஸ்திரீயமான அமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனை ஏற்றுக்கொண்ட முரசு அஞ்சல் பழைய முறைகளை அகற்றிவிடாமல், தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை எழுதுவோனிடமே விட்டுவைத்தது. கிள்ளானில் முப்பதாண்டுகள் தட்டெழுதிய ஒருவரை, தரத்தின் பெயரால் மீண்டும் பால பாடத்தில் அமர்த்துவது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

எழுத்துகளுக்குக் கணினி வழங்கும் குறியீட்டெண்களின் நிலை வேறு. அவற்றில் ஒருமை இல்லாத நாட்களில், பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் எழுதியனுப்பிய கடிதம், வேறு எழுத்துரு கொண்ட நண்பரின் திரையில் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று.