மைனர்

மைனர் (பெயர்ச்சொல்): 1. சட்டப்படி வயது நிறையாதவர். 2. பேச்சுவழக்கில், சொகுசாகத் திரியும் இளைஞன். 'மைனர் செயின்' இதையொட்டியது. எதிர்ச்சொல்: மேஜர்.

'இன்னும் சிறிய' என்னும் பொருளுடைய லத்தீன் சொல். ஆங்கிலம் வழியே கோர்ட்டுத் தமிழுக்கு வந்தது.

திருவிதாங்கூரில் ஒரு மைனர் மன்னரே இருந்தார். 1924இல் சித்திரைத் திருநாளுக்கு வயது நிறையாததால், பெரியம்மா சேதுலட்சுமி பாய் ரீஜெண்டாகத் திருவிதாங்கூரை ஆண்டார். 1931 நவம்பரில் ஆட்சி மன்னர் கைக்கு மாறியது.

மற்ற மைனர்களுக்கு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். மைனர் மேஜரானதும் காப்பாளரின் அதிகாரம் தானாகவே முடியும். கோர்ட்டு நியமித்த காப்பாளர் சொத்தையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டு விடுவிப்பு ஆணை பெறலாம். இத்தகைய மைனருக்கு முன்பு 21 வயது வரம்பு. மேஜர் வயதுச் சட்டத்தின் 1999 திருத்தத்துக்குப்பின் எல்லோருக்கும் 18.